மூணுவிரலின் மூடாத திரை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பிரிவு மேலாளர் அவர்களே! ஓய்வு பெற்றும் ஓடோடி வந்திருக்கும் மூத்த நிரலாளர்களே! பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா! உடன்வந்த தாய்மார்களே! என் நண்பனின் துணைவியே, எனக்குத் தங்கையானவளே! எல்லோருக்கும் என் கனத்த நெஞ்சின் வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் எடிட்டர் கதையா என்று முகம் சுளிக்காதீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் அவனும் நானும் ஒரே மேசையின் இரு பக்கம் இருந்தோம். கணினியில் நிரல் எழுதும் மென்பொருள்தான் எடிட்டர்; அவனுக்கு ஓர் எடிட்டர், எனக்கு ஓர் எடிட்டர். இரண்டும் அரதப் பழசு. அவனுடையதில் எதற்கெடுத்தாலும் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அவனுக்கு ‘மூணுவிரல்’ என்று பெயர் வைத்தவனே நான்தான். என்னுடையதில் ஒவ்வொரு விசையாகத் தட்டினால் போதும்; ஆனால் புதிதாக நுழைந்தவனுக்கு வெளியே வரத் தெரியாது. சிரிக்கிறீர்களே, நீங்களும் மாட்டிக்கொண்டவர்கள்தானே! “உன்னோடது எடிட்டரா, ஜெயிலாடா?” என்பான். சாப்பாட்டில் சண்டை, சந்திப்பில் சண்டை, சளைக்காமல் சண்டை!

சென்ற ஆண்டு பக்கவாதத்தில் அவனுக்கு வலது கை விழுந்தது. ஒரு பிற்பகல் என் நாற்காலியருகே வந்து நின்றான். “டேய், ஒத்தைக் கையால என்னோடதை அழுத்த முடியலடா. உன் எடிட்டரைக் கொஞ்சம் சொல்லிக் குடேன்.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து இடம் கொடுத்திருக்க வேண்டாமா? எழுந்தேன், கூவினேன்: “கேட்டுக்கோங்கப்பா, மூணுவிரல் கட்சி மாறிட்டாரு!” அறையே கைதட்டியது. அவனும் சிரித்தான். பிறகு இடது கையால் பையை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரவே இல்லை.

உதவி கேட்டவனைத் தோற்றவனாகப் பார்த்தேனே! வென்றேன் வென்றேன் என்று கூத்தாடினேனே! நாளை போய்ப் பார்க்கலாம், நாளை போய்ப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினேனே!

அவன் உயிர் போன பிறகுதான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அறையில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. தங்கை சொன்னாள்: “பதினோரு நாளா அணைக்க விடலைண்ணா. ‘அவன் வருவான், வந்து மூடுவான்’னு சொல்லிட்டே இருந்தாரு.”

திரையில் என் எடிட்டர். ஒற்றைக் கை தவறித் தவறித் தட்டிய எழுத்துகள். கடைசியில் ஒரு வரி: “டேய், இதுலேருந்து எப்படிடா வெளிய வர்றது?”

வெளியே வர ஐந்தே விசைகள், தோழர்களே! அதைச் சொல்லிக் கொடுக்க இருபத்திரண்டு ஆண்டு நட்புக்கு நேரமில்லை. நாளை உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் வந்து கேட்டால் எழுந்து இடம் கொடுங்கள். கேலியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. தங்கையே, அன்று அதை மூட என் விரல் எழவில்லை. அந்தத் திரையை இன்னும் அணைக்காமல்தான் வைத்திருக்கிறாய் என்று தெரியும். கூட்டம் முடிந்ததும் வருகிறேன், வந்து மூடுகிறேன். வணக்கம்.