லவீனாவுக்குக் கொடுத்த பந்து

தேநீரில் சீனி கூடியிருந்தால் சொல்லுங்கள். எதையும் அளவாகக் கொடுப்பவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அது உதைபந்து விஷயத்தில் மட்டும்தான், சமையலறையில் செல்லாது.

உங்கள் பத்திரிகைக்கு என் ஆரம்பகால விளையாட்டு வாழ்க்கை வேண்டும் என்றீர்கள். கல்லூரி அணியில் எப்போது சேர்ந்தேன், யார் ஊக்கம் தந்தார்கள் என்பதற்கெல்லாம் வழக்கமான பதில்களைச் சொல்லிவிட்டேன். கடைசியாக, நான் கொடுத்த பந்துகளிலேயே மிகச் சிறந்தது எது என்று கேட்டீர்கள். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கோல் போட்டவர்களிடம்தான் அப்படியெல்லாம் கேட்பார்கள். கேட்டதற்காகவாவது உண்மையைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

பதினாறு வயதில் வட்டுக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பெண்கள் அணியில் நடுக்களத்தில் விளையாடினேன். எனக்கு வேகமாக ஓட வராது. தலையால் முட்டப் பயம். அப்பா ஒருநாள் வெங்காயத் தோட்டத்திலிருந்து நேரே மைதானத்துக்கு வந்து பார்த்துவிட்டு, மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஓடும்போது நீ மட்டும் ஏன் நின்றுகொண்டிருக்கிறாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் யார் எங்கே ஓடப்போகிறார்கள் என்பது அவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்துக்குப் பந்தை அனுப்பிவிடுவேன். அதை ஒரு மகத்தான கலை என்று நினைத்திருந்தேன். பார்க்க வருகிற நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை என்று விளங்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

லவீனா யாழ்ப்பாணக் கரையிலுள்ள கொழும்புத்துறைக்காரி. தகப்பன் கடற்றொழில். விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் ஓடத் தொடங்கினால் பிடிக்க ஆளில்லை. நான் அனுப்புவேன், அவள் கோல் போடுவாள், போட்டுவிட்டு நேரே ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிப்பாள். அந்த வருடம் மாவட்டக் கிண்ணம் எங்களுக்குக் கிடைத்தது. பத்திரிகைக்காரர் ஒருவர், இத்தனை கோல்களை எப்படிப் போட்டீர்கள் என்று அவளிடம் கேட்டார். அவள் சொன்னது அப்படியே அச்சில் வந்தது.

“நான் ஓடினாக் காணும். பந்து தானா வந்து சேரும்.”

அந்தத் துண்டை வெட்டி என் இரசாயனவியல் கொப்பியில் ஒட்டிவைத்தேன். செய்தியில் என் பெயர் இல்லை. படத்தில் என் இடது தோள் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது என் தோள்தான் என்று நானே சொல்லவேண்டியிருந்தது. சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

இதனால் எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்கவேண்டாம். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

கஜானி என்றொரு பிள்ளை எங்களுடன் விளையாடினாள். ஒரு பயிற்சியில் அவளுக்கு நான் அனுப்பிய பந்து சற்றுக் குறைந்துவிட்டது. அவளும் எதிரே வந்தவளும் ஒரே நேரத்தில் பந்துக்குப் போனார்கள். கஜானியின் கணுக்கால் பிரண்டுவிட்டது. அது தற்செயல்தான். நான் அழுதுவிட்டேன். எங்கள் பயிற்றுநர் கிறிஸ்ரோபர் சேர் வந்து தோளில் தட்டினார்.

“அழாதை பிள்ளை. பந்து குடுத்த ஆளிலை என்ன பிழை?”

அந்த வசனத்தைப் பல நாள் யோசித்தேன். உண்மைதான். விழுந்தவளைப் பார்ப்பார்கள், இடித்தவளைப் பார்ப்பார்கள். இருபது யார் தள்ளி நிற்பவளைப் பார்க்க மாட்டார்கள். பந்து உங்கள் ஆளுக்குக் கிட்ட விழுந்தால் அவள் எடுத்துக்கொள்வாள். எதிராளிக்குக் கிட்ட விழுந்தால் அவள் எடுத்துக்கொள்வாள். இரண்டு பேருக்கும் சரிநடுவில், இரண்டு பேருமே தனக்குத்தான் என்று நம்பும்படி விழவேண்டும். கோல் போடவைக்கும் பந்தைவிட அதைக் கொடுப்பது கடினம்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் கஜானிக்கு அப்படி ஒன்று கொடுத்துப் பார்த்தேன். அளவு பிடிபட்டுவிட்டதா என்று அறியத்தான். பிடிபட்டிருந்தது. கஜானிக்கு இரண்டு பல் போயிற்று.

அடுத்த வருடம் கொழும்பிலிருந்து தேசிய இளையோர் அணிக்குத் தெரிவாளர்கள் வந்தார்கள். கிறிஸ்ரோபர் சேர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: “வடக்கிலையிருந்து இந்தமுறை ஒராளைத்தான் எடுப்பினமாம்.” சொல்லும்போது லவீனாவைத்தான் பார்த்தார். அதிலும் பிழையில்லை. நானாக இருந்தாலும் அவளைத்தான் பார்த்திருப்பேன்.

தெரிவு ஆட்டம் யாழ்ப்பாண நகரில் நடந்தது. எதிரணியின் கோல் காப்பாளர் வித்தியா, வல்வெட்டித்துறைப் பிள்ளை. பயம் என்பதே தெரியாது; பந்து வந்தால் இரண்டு காலையும் நீட்டி வழுக்கிக்கொண்டு வருவாள். முதல் நாள் பயிற்சியில் அவள் எப்போது புறப்படுகிறாள், எவ்வளவு தூரம் வருகிறாள் என்று பார்த்து வைத்திருந்தேன். அவள் நின்ற கோல் பக்கப் புல் காய்ந்திருந்ததால் பந்து வழமையைவிட ஒரு முழம் கூடுதலாக உருளும் என்பதையும் பார்த்து வைத்திருந்தேன். படிப்பில் இவ்வளவு கவனம் இருந்திருந்தால் உங்கள் முன்னால் இன்று ஒரு வைத்தியராக உட்கார்ந்திருப்பேன்.

முப்பத்தோராவது நிமிடம் லவீனா கையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு ஓடத் தொடங்கினாள். எப்போதும் போல, திரும்பிப் பார்க்காமல்.

நான் கொடுத்தேன். பந்து இரண்டு தடுப்பாட்டக்காரிகளுக்கு நடுவால் போய், நான் நினைத்த இடத்தில், நான் நினைத்த வேகத்தில் தளர்ந்தது. அவள் காலை ஓங்கி வைத்தபோது வித்தியாவும் வந்து சேர்ந்திருந்தாள். லவீனாவுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. நடுவர் எனக்கு விசில் ஊதவில்லை. எந்தச் சட்டப்படி ஊதுவார்?

ஆனால் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அது பிசகிய பந்து இல்லை. அவள் கால் முறியவேண்டும் என்று கொடுத்த பந்து. அதைவிடத் துல்லியமாக நான் எதையும் கொடுத்ததில்லை.

நோயாளர் வண்டியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் போனேன். ஆட்டத்தைப் பாதியில் விட்டுத் தோழியுடன் போன என் மனம் ஒரு தெரிவாளரைத் தொட்டுவிட்டதாகச் சேர் பிறகு சொன்னார். என்னை எடுத்தார்கள். வித்தியா ஆறு மாதம் யாருடனும் கதைக்காமல் இருந்துவிட்டு விளையாட்டையே விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். கொஞ்சம் மெல்லிய மனம்போல.

என் தேசிய அணி வாழ்க்கை மொத்தம் பதினான்கு நிமிடம். அதில் ஆறு நிமிடம் கடும் மழை. மிகுதி எட்டு நிமிடத்தில் என் காலுக்கு மூன்று பந்துகள் வந்தன. இரண்டை எதிரணிக்குக் கொடுத்தேன், ஒன்றை விளம்பரப் பலகைக்குக் கொடுத்தேன். வேகம் காணாது என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பா வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்து சொன்னதைக் கொழும்பில் காசு செலவழித்துக் கண்டுபிடித்திருந்தார்கள். ஊருக்கு வந்து இந்தப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியையானேன்.

லவீனாவுக்கு மூன்று சத்திரசிகிச்சை நடந்தது. நடக்கிறாள், வலது பாதம் மட்டும் வெளிப்பக்கம் திரும்பி விழும். வாசலில் உங்களுக்கு வழி காட்டியவள் அவள்தான். அதிபரிடம் பேசி நான்தான் அவளுக்கு இங்கே வேலை எடுத்துக் கொடுத்தேன். பந்துகளுக்குக் காற்று அடிப்பாள், கோடு போடுவாள், பிள்ளைகளின் போத்தல்களில் தண்ணீர் நிரப்புவாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று அவளுடைய தாய் என் கையைப் பிடித்து அழுதிருக்கிறார். நானும் அழுதேன். எனக்கு அழுகை சுலபமாக வரும்.

சில பின்னேரங்களில், பிள்ளைகள் போனபிறகு, கோல் கம்பத்தடியில் இருந்து கதைப்போம். அந்த ஆட்டத்தை அவள்தான் எடுப்பாள். போன கிழமையும் எடுத்தாள்.

“உன்ரை பந்து சரியாத்தான் வந்தது, ஆரணி. நான்தான் அரை அடி பிந்திட்டன். எனக்காக மினக்கெட்டுக் குடுத்ததை வீணாக்கிப் போட்டன். உனக்கு அதிலை மனவருத்தம் இருக்கோ?”

இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை, கண் கலங்கிவிட்டது. எட்டு வருடமாக ஒருத்தி இதைச் சுமந்துகொண்டு திரிவது பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால் அவள் முதுகைத் தடவி, நான் அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதுதான் உணர்ந்தேன், உண்மையிலேயே மன்னித்திருந்தேன்.