தங்கையின் பாதத்தில் சேறு

சேறு காய்ந்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். ஈரத்தோடு தேய்த்தால் துணிக்குள் இறங்கிவிடும். சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதெல்லாம் கறையைப் பார்த்ததுமே அது நேற்றையதா, இன்றையதா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் என் தங்கையின் பாதத்தில் சேற்றைப் பூசியபோது விடிவதற்கு வெகு முன்பே பூசினேன். அவள் எழுவதற்குள் காய்ந்திருக்க வேண்டும் அல்லவா?

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம். நிதானமாகவே சொல்கிறேன்.

அம்மா போன பிறகு அவளை நான்தான் வளர்த்தேன். சின்ன வயதில் ஒரே ஒரு தடவை தூக்கத்தில் எழுந்து போய் வாசல் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைத்தேன். காலையில் அவளுக்கு எதுவும் நினைவில்லை. அதோடு அது போய்விட்டது.

படித்து நர்ஸ் ஆனாள். பிறந்த குழந்தைகள் வார்டில் வேலை. அங்கேதான் அந்த பஸ் டிரைவர் பழக்கமானார். பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர். இப்போது நடை பழகும் பெண் குழந்தை ஒன்று அவருக்கு.

"கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்க்கா. அவர் ஊருக்கே போயிடுவேன். நீ லீவு கிடைச்சா வந்துட்டுப் போ."

விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னாள். வேலை முடிந்து வந்தால் "வந்துட்டியா?" என்று கேட்க ஆளில்லாத வீட்டில் நான் தனியாக இருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவளும் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

வார்டில் நின்று களைத்து வருகிறவள். இடி விழுந்தாலும் அசைய மாட்டாள். காலையில்தான் பாதத்தில் இருந்த சேற்றைப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"உனக்குப் பழையபடி ஆரம்பிச்சிடுச்சு போல. கீழ கேட் வரைக்கும் போயிட்டே. நல்ல வேளை, நான் பார்த்தேன்."

முகம் வெளுத்துப்போனது. அப்புறம் ஒரு நாள் அவள் துப்பட்டா மாடிப்படியில் கிடந்தது. இன்னொரு நாள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பயத்தில் அவள் கணுக்காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தாள். அவிழ்ந்து கிடந்த துணியை மறுநாள் கையில் வைத்துக்கொண்டு, "நான்தான் அவுத்தேனா? நானேவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. தலையைக் கோதிவிட்டேன்.

டிரைவர் குழந்தையோடு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா? கதவுல ஒரு மணியைக் கட்டிட்டா போச்சு. பஸ் ஓட்டறவன் நான். முழிச்சிருக்கறதுதானே என் பொழைப்பே!" என்றார். வெகு நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். குழந்தை அவள் மடியிலேயே தூங்கிப்போனது. நான் சமையலறையில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டேன். காய் நறுக்கும் கத்தி அங்கேதான் இருந்தது.

மறுநாள் அதைத் தன் தலையணைக்கு அடியில் பார்த்தாள். கத்தவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள், அவை யாருடைய கைகளோ என்பதைப் போல.

"பக்கத்துல அந்தக் குழந்தை படுத்திருந்தா நான் என்னக்கா பண்ணியிருப்பேன்?"

அன்றே டிரைவரைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். குழந்தைகளைத் தொடவே நடுங்குகிறது என்று வார்டு வேலையையும் விட்டாள்.

அதோடு நான் நிறுத்திக்கொண்டேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவளால் தூங்க முடியவில்லை. கண் மூடினாலே திடுக்கிட்டு எழுந்தாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் கெட்டாலும் சரி, இந்த மாத்திரையாலும் சரி, சிலர் எழுந்து நடப்பார்கள் என்று எச்சரித்தார். கதவுகளைப் பூட்டி வையுங்கள், நடந்தால் மெல்லக் கூட்டிவந்து படுக்க வையுங்கள் என்றார். படுக்கும்போதெல்லாம் அவள் கேட்பாள்: "பால்கனியைப் பூட்டிட்டியாக்கா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை போட்டுப் படுத்திருந்தவள் அறையிலிருந்து வந்தாள். கண் திறந்திருந்தது. பார்வை மட்டும் எதன் மேலும் இல்லை. நான் கட்டிவிட்ட கதை நிஜமாகவே நடந்து வருகிறது. நேராக என்னிடம் வந்து, சாதாரணமாகக் கேட்டாள்:

"அக்கா, என் கால்கட்டை ஏன் அவுத்தே?"

எப்படியோ கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். எழுந்ததும் சுற்றி வளைத்து விசாரித்தேன். ஒன்றும் தெரியவில்லை. "ஏதாவது உளறினேனாக்கா?" என்று அவள்தான் பயந்தாள். விழித்திருக்கிறவள் என்னை நம்பினாள். தூங்குகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. யார் முன்னால் என்ன கேட்பாளோ?

அடுத்த விடுமுறை நாளிலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். "பூட்டிட்டியாக்கா?" என்றாள். பூட்டிவிட்டேன் என்றேன். பூட்டவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். வந்தாள். என்னைக் கடந்து போய்ப் பால்கனிக் கதவைத் திறந்தாள். பஸ்ஸில் ஏறுகிறவளைப் போலக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைத்தாள். கை நீட்டினால் எட்டும் தூரம். தூக்கத்தில் நடக்கிறவர்களை எழுப்பக் கூடாது என்பார்கள். நான் எழுப்பவில்லை.

இரண்டு மாடிதான் என்பதால் உயிர் பிழைத்தாள். இனி நடக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது, செய்தி கேட்டு ஓடிவந்திருந்த டிரைவர் சுவரில் சாய்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் அவளை ஆட்டிவைத்த பயம் ஒருவழியாகத் தீர்ந்தது என்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் பக்குவமாக எடுத்துச் சொல்வேன். என்னைக் கண்டாலே அவள் அலறுகிறாள் என்று நர்ஸுகள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது மருந்து செய்கிற வேலை.

இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், மேடம்? நான் பக்கத்தில் இல்லையென்றால் அவள் பயந்துவிடுவாள்.