திருப்பி மாட்டுன போர்டு

...மூஞ்சியச் செவுத்தப் பாக்கத் திருப்பிட்டு, முதுகக் காட்டி மாட்டிட்டாரு அண்ணாச்சி! முதுக! நாலு பேரு வந்து போற கல்யாண மேடையில! செஞ்சவன் நான் உசுரோட முன்னால நிக்கேன். எங்கண்ணு முன்னாலயே நாற்காலியப் போட்டு ஏறி, மாட்டியிருந்த போர்டக் கழட்டி, அப்பிடியே பொரட்டி மாட்டிட்டு எறங்குறாரு. யாருன்னா கேக்கீக? வேற யாரு, எங்க மாப்ளதான். மணவறையில உக்காந்திருக்க வேண்டிய மனுசன் மாலையும் கழுத்துமா நாற்காலியில ஏறுறாரு! எங்கயாச்சும் உண்டுமா?

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்தப் பொட்டலத்த மடியில வச்சிக்கிறேன். கீழ வைக்க மனசில்ல. ஆமா, இதேதான் அந்தப் போர்டு. அன்னைக்கே கழட்டிட்டு வந்துட்டேன்ல! எம் பொருள அவமானப்படுத்துன எடத்துல அது எதுக்குத் தொங்கணும்? நீங்க விருதுநகர்தான போறீக? நல்லதாப் போச்சு. நானும் அங்கனதான். திருத்தங்கல் கூடத் தாண்டல, நெறைய நேரம் இருக்கு.

எம்பேரு வெள்ளைத்துரை. சிவகாசியில டை போடுறேன். தலைக்குப் பூசுற டை இல்ல அண்ணாச்சி! பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் வாங்கியிருப்பீகள்ல, அந்த அட்டையப் பெட்டி வடிவத்துக்கு வெட்டுற அச்சு. பிளைவுட்ல கோடு கோடா அறுத்து, அதுக்குள்ள பிளேடச் சொருகி, மிசினுல குடுத்து ஒரே அமுக்கு. அட்டை வெட்டுப்பட்டு வந்து விழும். அதுக்கு முன்னால சின்ன வயசுல அச்சாபீஸ்ல எழுத்துக் கோத்தேன். ஈய எழுத்து. அதெல்லாம் இப்ப யாரு கேக்கா.

அது பொழப்பு. இது வேற. இது... என்னன்னு சொல்ல, ஒரு ஆசைன்னு வைங்களேன். ஸ்க்ரோல் சான்னு ஒரு மிசினு வாங்கி வீட்டு மாடியில வச்சிருக்கேன். தையல் மிசினு கணக்கா மேச மேல இருக்கும். பிளேடு மெலிசா, தலமுடி மாதிரி, மேலயும் கீழயும் விர்ருனு ஓடும். பிளேடு அது எடத்துலயேதான் நிக்கும், மரத்தத்தான் நாம திருப்பிக் குடுக்கணும். கொஞ்சம் அவசரப்பட்டீகன்னா பட்டுனு போயிரும் பிளேடு. எழுத்துக்கு நடுவுல ஒரு சுழி வருதுன்னு வைங்க, அங்கன ஒரு ஓட்டையப் போட்டு, பிளேடக் கழட்டி, ஓட்டைக்குள்ள விட்டு, மறுபடி மாட்டி முறுக்கி, பொறவு அறுக்கணும். ஒவ்வொரு சுழிக்கும்! தமிழ்ல சுழிக்கா பஞ்சம்?

எம் வீட்டுக்காரி சொர்ணலட்சுமி இருக்காளே, அவளுக்கு இது ஆகாது. வாரம் பூராம் கடையில அறுக்கீக, ஞாயித்துக்கெழமையும் அறுக்கணுமாங்கா. காயப்போட்ட துணியில தூளு, இட்லி மாவுல தூளுன்னு ஒரே பாட்டு. ஊர்க்காரனுக அதுக்கு மேல. மயில் ஒண்ணு செஞ்சேன், தோகையில அம்புட்டு ஓட்டை, கண்ணே அவிஞ்சு போச்சு. வந்து பாத்தவன் "எந்தக் கடையில வாங்குனீக"ங்கான். சாவி மாட்டுற பலகை செஞ்சேன், "எனக்கொண்ணு, எம் மச்சானுக்கொண்ணு"ங்கான். நான் என்ன கோயில் பிரசாதமா குடுக்கேன்? ரசனை கெட்ட ஊரு அண்ணாச்சி! வெடிச்சுப் போறத மட்டுந்தான் காசு குடுத்து வாங்குவான்.

யூடியூப்ல ஒரு பய வர்றான். இந்த மிசினு வச்சுத்தான் வித்தை காட்டுறான். படத்த மரத்துல ஒட்டுறான் பாருங்க, மேல்முகமா ஒட்டுறான்! எனக்குச் சிரிப்பு தாங்கல. படத்த டிரேசிங் பேப்பர்ல எடுத்து, குப்புறக் கவுத்தி ஒட்டணும்ல, அதான தொழில்? கவுத்தி ஒட்டி அறுத்தாத்தான அட்டை நேரா வந்து விழும்? இது கூடத் தெரியல, அவனுக்கு லட்சம் பேரு லைக்கு. கீழ எழுதிப் போடலாம்னு பாத்தேன், போறான் கழுதைன்னு விட்டுட்டேன்.

ஏய், வழி விடுங்கய்யா, ஆம்புலன்ஸ் வருதுல்ல! ட்ரைவரு, ஓரங்கட்டுங்க... போயிருச்சு. சீசன் நேரத்துல இந்தச் சத்தம் கேட்டாலே எந்தப் பட்டாசாலையில வெடிச்சுச்சோன்னுதான் நெனப்பு ஓடுது அண்ணாச்சி. நாரணாபுரம் பக்கமோ, எங்கிட்டோ... சாமி, யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது. வெறும் பிரசவ கேஸா இருக்கட்டும்.

அந்த வண்டி முன்னால எழுதியிருக்கான்ல, அத ஏம்ப்பா திருப்பி எழுதியிருக்காகன்னு எம்மக பிரீத்திகா சின்னப் புள்ளையில கேப்பா. எங்கன தாயி திருப்பி எழுதியிருக்கு, நேராத்தான இருக்குன்னுவேன். விழுந்து விழுந்து சிரிப்பா. எடவலம் மாறுன ஈய எழுத்தக் கோத்தவனுக்கும் டைக்காரனுக்கும் எழுத்து எங்கிட்டுத் திரும்பியிருந்தா என்ன? எங்கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கடகடன்னு படிச்சிருவேன்.

ம்... பிரீத்திகா. ஒரே மக. அவ கல்யாணத்துக்கு மேடைக்குப் பின்னால பேரு வைப்பாகள்ல, தெர்மாகோல்ல வெட்டி ஜிகினாவ ஒட்டி. த்தூ! எம்மக பேரு தெர்மாகோல்லயா? நான் செய்றேன்டானு உக்காந்தேன். நல்ல தேக்குப் பலகை. "பிரீத்திகா விக்னேஷ்குமார்". எழுத்த அப்பிடியே வெட்டி எடுத்துட்டு, பின்னால ஒரு லைட்டப் போட்டா வெளிச்சம் எழுத்து வழியா வரணும். சுத்தி மாங்கொத்து, ஓரத்துல கிளி. முன்பக்கம் உப்புத்தாளு போட்டுத் தேச்சு, பாலிஷ் போட்டு, மறுபடி தேச்சு, மறுபடி பாலிஷ். மூஞ்சி பாக்கலாம் அதுல! வீட்ல ஒருத்தருக்கும் காட்டல. மேடையில பாத்து அசரட்டும்னு, மூடியே வச்சிருந்து, மூடியே கொண்டுபோய், நானே மாட்டுனேன். தாலி கட்டி முடிஞ்சதும் துணிய விலக்கிட்டுக் கீழ எறங்கி சம்பந்தகாரகளப் பாத்து வாங்கன்னு கும்புட்டுத் திரும்புறேன், மாப்ள நாற்காலி மேல நிக்காரு.

முதுகுப் பக்கம் எப்பிடியிருக்கும்? பிசிறு பிசிறா இருக்கும். தேய்க்காத மரம், அழுக்குக் கறை. மரக்கடைக்காரன் குத்துன சீலு, அதுவும்ல தெரியுது! அதத்தான் ஊருக்குக் காட்டி மாட்டுறாரு. எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. "என்ன மாப்ள, கண்ணு அவிஞ்சா போச்சு? எது முன்னாலன்னு கூடத் தெரியாதா?"ன்னு கேட்டுட்டேன். மேளம் கூட நின்னுபோச்சு. அந்த மனுசன் என்ன சொன்னாருங்கீக? வேர்த்து ஊத்துது, நாற்காலிய விட்டு எறங்குறாரு, "இல்ல மாமா, இப்பிடித்தான் நல்லாருக்கு"ங்காரு. நல்லாருக்காம்! விருதுநகர்ல வத்தல் மண்டி வச்சிருக்காக. மொளகா வத்தல அள்ளிப் பாக்குற கைக்கு மரத்துக்கு முன்னயும் பின்னயும் எப்பிடித் தெரியும்? சரி, திருப்பி மாட்டுங்கன்னேன். அசையல. குனிஞ்ச தல நிமிராம நிக்காரு. அம்புட்டு அழுத்தம்! பிரீத்திகா வந்து கையப் புடிச்சுக்கிட்டு "அப்பா, அது வந்துப்பா..."ன்னு ஆரம்பிச்சா. தாலி ஏறி ஒரு நாழி ஆகல, அதுக்குள்ள நீயும் அவுக கட்சியான்னு கேட்டேன். அழுதுட்டா. சாப்பாடு பந்தி முடிஞ்ச கையோட போர்டக் கழட்டிப் பொதிஞ்சு பீரோ மேல வச்சவன்தான். இன்னைக்குத்தான் எறக்கியிருக்கேன்.

அன்னையிலருந்து நான் அவுக வீட்டுப் பக்கம் போகல. மறுவீட்டுக்கும் போகல. பேச்சு இல்ல. இப்ப தல தீவாளி வந்துருச்சு. பொண்ணப் பெத்தவன் நேர்ல போய்த் தட்டு வச்சுக் கூப்பிடணும்ல? கூப்புடாட்டி எம்மக எப்பிடி வருவா? சிவகாசிக்காரன் மக, தல தீவாளிக்கு மாமியார் வீட்டு வாசல்ல நின்னு புஸ்வாணம் விடவா? சொர்ணலட்சுமி ரெண்டு நாளா அடுப்பப் பத்த வைக்கல. அதான் கெளம்பிட்டேன். ஆனா சும்மா கூப்புட மாட்டேன் அண்ணாச்சி. போர்டக் கையில குடுப்பேன். மாப்ள தன் கையால, மூஞ்சி வெளிய தெரிய, அவுக வீட்டுத் தலவாசல்ல மாட்டணும். வத்தல் வாங்க வர்றவன் போறவன் எல்லாம் பாக்கணும். மாட்டுனாருன்னா தட்டு. மாட்டலன்னா இதே பஸ்ஸுதான், தட்டோட திரும்பிருவேன். ஆமா, வீட்ல சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். அவ சேலைத் தலைப்ப வாயில வச்சிக்கிட்டு உள்ள போயிட்டா. போன் போட்டிருப்பா போல, பஸ் ஸ்டாண்டுக்கு மாப்ளயே வர்றாராம் கூட்டிப் போக. வரட்டும்! அங்கயே கேட்டுக்கிறேன்.

என்னங்க கண்டக்டர்? பட்டாசா? இதப் பாத்தா உங்களுக்குப் பட்டாசாத் தெரியுதா? சீசன்னா எல்லாவன் மடியிலயும் பட்டாசுதானா? சிவகாசியிலருந்து ஏறுனவன் பூராம் வெடியத்தான் தூக்கிட்டு வரணுமா? பிரிச்சுக் காட்டணுமா... காட்டுறேன்யா. பட்டாசு ஏத்தக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா, அந்த ஊருல பொறந்தவன்யா நான்! அண்ணாச்சி, அந்தக் கயித்தக் கொஞ்சம் புடிங்க. ம்... பாத்துக்கங்க. தேக்கு! தூக்கிப் புடிச்சுக் காட்டவா, எல்லாருக்கும்? பாத்துக்கங்கப்பா!

என்ன பாஷையா?! என்னய்யா கேக்கீக, தமிழு! ஹிந்தியா, மலையாளமான்னு கேக்காரு அண்ணாச்சி! தமிழு கூடப் படிக்கத் தெரியாமப் பையத் தூக்கித் தோள்ல மாட்டிட்டாரு. நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, வாசிங்க. உரக்க வாசிங்க, கேக்கட்டும்.

...ஏன் முழிக்கீக? கண்ணாடி எடுத்துட்டு வரலயா? போர்டு இங்கன இருக்கு, நீங்க ட்ரைவரு தலைக்கு மேல பாக்கீக? அந்தப் பின்னால பாக்குற கண்ணாடியில என்ன இருக்கு? ...ஆமா, பிரீத்திகா. விக்னேஷ்குமார். சரியாத்தான வாசிக்கீக. அத ஏன் கண்ணாடியப் பாத்து வாசிக்கணும்? பலகையப் பாத்து வாசிங்க.

வரலயா?

கண்டக்டர், ஏன் சிரிக்கீக. பின்னால யாருய்யா அது போன்ல படம் எடுக்கிறது? இருங்க. இருங்கய்யா. கண்ணாடியிலயும் பிரீத்திகாதான் இருக்கு, பலகையிலயும் பிரீத்திகாதான் இருக்கு. எனக்கு ரெண்டும்... ரெண்டும் ஒண்ணுதான்...

அண்ணாச்சி, அந்தா கண்ணாடிக்குப் பக்கத்துல எழுதியிருக்கான்ல. புகை பிடிக்காதீர். அதுல 'பி'க்குக் கொக்கி எந்தக் கைப் பக்கம் வளையுது? சோத்தாங்கைப் பக்கம். ஆமா. இதுல... இந்தா, எம்மக பேருல... விரல வச்சுப் பாக்கேன்... இது பீச்சாங்கைப் பக்கம்ல வளையுது.

குப்புறக் கவுத்தி ஒட்டியிருக்கேன்.

கவுத்தி ஒட்டியிருக்கேன் அண்ணாச்சி! கை தன்னால செஞ்சிருக்கு! டைக்கு ஒட்டுற மாதிரி ஒட்டி, திரும்புன பக்கத்துக்கா பாலிஷ் போட்டேன்? அம்புட்டு நாளும் தேச்சுக்கிட்டே படிச்சேனே, படிக்கப் படிக்க நேரா இருந்துச்சே!

அப்ப மாப்ள...

அப்ப அந்த மனுசன் நாற்காலியில ஏறுனது அதுக்குத்தானா? துணிய விலக்குனதும் மொதல்ல பாத்தது அவரு. சபை நிமிந்து பாத்துச் சிரிக்கிறதுக்கு முந்தி, மாலையக் கூடக் கழட்டாம ஓடிப்போய் ஏறி... பேரு நேராத் தெரியட்டும்னு. பொண்ணோட அப்பன் வேலைய யாரும் சிரிச்சிறக் கூடாதுன்னு. நான் சபையில வச்சுக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேக்கேன், "இல்ல மாமா, இப்பிடித்தான் நல்லாருக்கு"ங்காரு! நீருதான்யா தப்பா ஒட்டுனீருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? திருப்பி மாட்டுன்னு கத்துறேன், வாங்கிக் கட்டிக்கிட்டு மரமாட்டம் நிக்காரே! இம்புட்டு நாளா வத்தல்காரன், வத்தல்காரன்னு ஊரெல்லாம் ஏசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். எம்மக சொல்ல வந்தா, அவ வாயவும் அடச்சுட்டேன். வெளங்காத பய நான். அச்சாபீஸ் கழுத.

விருதுநகர் வந்துருச்சு போல. மண்டித் தெரு வாடை அடிக்குதே. அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு... அண்ணாச்சி? கண்டக்டர், இங்கன இருந்தவுக எங்க? ஆமத்தூர்லயே எறங்கிட்டாகளா? விருதுநகருக்குல்ல டிக்கெட் எடுத்தாக! சரி, போகட்டும். என்னால ஒரு மனுசன் பாதி வழியில நிக்கான்.

அந்தா! அந்தா நிக்காருல்ல, பைக்க ஓரமா நிப்பாட்டிட்டு, வெள்ளச் சட்டை. அவருதான் எங்க மாப்ள. ஒவ்வொரு ஜன்னலா எட்டி எட்டிப் பாக்காரு பாருங்க. பொட்டலத்தக் கட்ட நேரமில்ல, தட்டு வேற பையில இருக்கு. கண்டக்டர், கோவிச்சுக்காதீக, இந்தப் போர்டக் கொஞ்சம் புடிங்க, நான் எறங்கிட்டு வாங்கிக்கிறேன்.

இல்ல இல்ல, பாலிஷ் போட்ட பக்கத்த வெளிய காட்டாதீக. மரக்கடை சீலு இருக்குல்ல, அந்தப் பக்கத்தக் காட்டுங்க. எங்க மாப்ள மாட்டுன பக்கம்.