பதினேழாம் தேதிச் செய்தி

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தில் தேதி போடவில்லை. வேலை நெருக்கடியில் விட்டுப்போயிருக்கும். தேதியில்லாத கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்பது என் பள்ளிக்கூடத்துப் பாடம். இருந்தாலும் கேள்வி நியாயமானது. அதனால் கடிதம் வந்து சேர்ந்த நாளையே அதன் தேதியாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தாங்கள் கேட்டிருப்பது ஒன்றுதான். என் அக்காள் கணவர் தம் மரணச் செய்தியைத் தாமே வாசித்துப் பதிவு செய்தது மூன்றாம் தேதி. அதில் அவர் விளையாட்டாகச் சொன்ன தேதி பதினேழு. அதே பதினேழாம் தேதி காலையில் இறந்தும் போனார். எப்படி? ஊரில் அவரைத் தீர்க்கதரிசி என்கிறார்கள். அக்காவும், "அவருக்கு எல்லாம் முன்னாலயே தெரிஞ்சிருக்கு. கேளுங்க, இவனும் கூடத்தான் இருந்தான்" என்று துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் சொல்கிறாள். நான் தலையாட்டி வைக்கிறேன்.

அத்தான் முப்பத்தொரு வருடம் வானொலியில் செய்தி வாசித்தவர். ஊருக்கே 'செய்தி அண்ணன்'. ஓய்வுக்குப் பிறகு காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். தாம் வாசித்த செய்தி எதற்கும் மறுநாள் திருத்தம் வந்ததில்லை என்று ஏறிய மேடையிலெல்லாம் சொல்வார். அவருக்கு வரும் கடிதங்களுக்கு இருபத்திரண்டு வருடமாகப் பதில் எழுதியவன் நான். கையெழுத்து மட்டும் அவருடையது. அதை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ரெண்டு வாரம் தாங்கினா அதிகம். ஆகவேண்டியதப் பாருங்க" என்றார். பார்த்தேன். பதினான்கு பாடகர்களுக்கு எழுதினேன்: அண்ணன் நினைவாக ஒரு பாட்டுத் தொகுப்பு, ஆளுக்கு ஒரு பாட்டு, வரும் பணம் பள்ளிக்கு. காது கேளாத பிள்ளைகளுக்காகப் பாட்டா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடிதம் அப்படி அமைந்திருந்தது. பன்னிரண்டே நாளில் எல்லோரும் பாடிக் கொடுத்தார்கள். ஒரு பாடகி விம்மியதில் பதிவை மூன்று முறை நிறுத்த வேண்டியிருந்தது. சிடியின் அட்டையும் அச்சாகி வந்தது. சிரித்த முகம், கீழே பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு, இந்த ஆண்டு. எல்லாம் தயார். அத்தான் மட்டும்தான் பாக்கி.

பதினைந்தாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்து, காப்பியில் சர்க்கரை போதாது என்று திருப்பியனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டிகளைப் பார்த்துவிட்டார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு பதினான்கு பாட்டையும் வரிசையாகக் கேட்டார்.

"மூணாவது ஆளுக்கு அழுகை பத்தல மச்சான். நான் என்ன அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனா? இன்னொரு தடவ பாடச் சொல்லு."

பிழைத்துக்கொண்டவருக்காக இன்னும் கொஞ்சம் அழுங்கள் என்று எப்படி எழுதுவது? எழுதினேன். அந்தப் பாடகரும் மறுபடி பாடினார்.

பதினேழாம் தேதி மாலை வெளியீட்டு விழா என்று முடிவாயிற்று. அட்டையை மாற்றக் கூடாது என்று அத்தான் சொல்லிவிட்டார். அவர் மனதில் ஒரு வேடிக்கை உருவாகியிருந்தது. அரங்கில் விளக்கை அணைத்துவிட்டு, அவர் குரலிலேயே அவர் மரணச் செய்தியைப் போட வேண்டும். கூட்டம் உறைந்து நிற்கும்போது அவர் மேடைக்கு நடந்து வருவார்.

அதற்காகத்தான் மூன்றாம் தேதி ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனோம். 'செய்தி அண்ணன் இன்று, பதினேழாம் தேதி வியாழக்கிழமை காலை, தம் இல்லத்தில் காலமானார்.' ஒரே மூச்சில் வாசித்தார். ஒலிப்பதிவாளர் எழுந்து கைதட்டினார். நான் மட்டும், "அத்தான், இது பொய்ச் செய்தியாச்சே" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு மச்சான். அதுவும் என் சாவு. யாரு திருத்தம் கேட்டு எழுதப் போறா?"

திரும்பி வரும்போது, சிடியோடு வைக்கும் சிறு புத்தகத்திலிருந்து என் முன்னுரையை எடுத்துவிடச் சொன்னார். பதினோரு பத்தி. என் பெயரில் நான் எழுதிய ஒரே எழுத்து. "அது செத்தவனுக்கு எழுதினது. உயிரோட நிக்கிறவன் பக்கத்துல வெச்சா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் இழுவையாவும் இருக்கு மச்சான்" என்றார். நியாயம்தான். எதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எனக்கு உறுத்தியது அந்தச் செய்திதான். முப்பத்தொரு வருடத்துக் குடம் பாலில் ஒரு துளி. பொய்யை எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, செய்தியைத் திருத்துவது. இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன், மறுத்துவிட்டார். மிச்சமிருந்தது மற்ற வழி.

அத்தானின் மாத்திரைகளை ஏழு அறையுள்ள டப்பாவில் கிழமைவாரியாகப் பிரித்து வைப்பது என் வேலை. அவர் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் விழுங்குவார். அந்த வியாழக்கிழமை அறையில் வெள்ளி, சனியையும் அதற்கடுத்த வாரத்தையும் சேர்த்து வைத்தேன். இனித் தேவைப்படாதவை வீணாவானேன்.

அன்று மட்டும் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார். "என்ன மச்சான், இன்னைக்குப் பந்தி பெருசா இருக்கு?"

"விழா நாளாச்சே அத்தான். டாக்டர்தான் கூடுதலா எழுதியிருக்கார்."

அது பொய்தான். ஆனால் நான் செய்தி வாசிக்கிறவன் அல்ல. மூன்று மடக்கில் விழுங்கிவிட்டு அவர் விளையாட்டுப் பக்கத்துக்குப் போனார். மருத்துவர் வந்து, இரண்டாவது மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். தம் கணிப்பு கொஞ்சம் தாமதமாகவாவது பலித்ததில் அவருக்கும் ஓர் ஆறுதல் இருந்தது போலத் தோன்றியது.

மாலையில் விழா அஞ்சலிக் கூட்டமாக நடந்தது. விளக்கை அணைத்து அந்தக் குரலைப் போட்டோம். அரங்கு முழுக்க எழுந்து நின்றது. இதுவரை யாரும் திருத்தம் கேட்டு எழுதவில்லை.

ஆகவே தங்கள் கேள்விக்குப் பதில்: அந்தத் தேதி அவருக்கு முன்கூட்டித் தெரியாது. எனக்குத் தெரியும். நான்தான் செய்தேன். அவர் வாசித்த செய்தி எதுவும் பொய்யாகக் கூடாது என்பதற்காக மட்டுமே செய்தேன்.

இத்துடன் ஒரு சிடி இணைத்துள்ளேன். பாட்டுகளை நேரம் கிடைக்கும்போது கேட்கலாம். சிறு புத்தகத்தை முதலில் பாருங்கள். பத்தாம் தேதியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன், பதினோரு பத்தியும் அப்படியே வந்திருக்கிறது. ஏழாவது பத்தி இழுவையாக இருக்கிறதா என்று ஒரு வரி எழுதவும். தேதி போட்டு.