உப்புப் பாக்க ஒரு ஆள்

இல்ல தம்பி, ஃப்ரிட்ஜ் எங்கயும் ஓடிப்போயிடாது. அது கெடக்கட்டும். முதல்ல இந்த ஸ்டூல்ல உக்காருங்க, நாலு மாடி ஏறி வந்திருக்கீங்க. லிஃப்டா? அது நாங்க இந்த வீட்டுக்கு வந்த வருஷம் ஓடிச்சு. தண்ணி குடிங்க. ஜில்லுன்னு இல்ல, மன்னிக்கணும், அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டிருக்கு. தம்பின்னு கூப்பிடலாம்ல? உங்களுக்கும் நரைச்சிருக்கு, இருந்தாலும் என் தலைக்கு முன்னாடி அது வெறும் ஒத்திகை.

சரி சரி, கழட்டிப் பாருங்க. உங்க வேலைய நீங்க பாருங்க, என் வேலைய நான் பாக்கறேன்.

இதுவா? புதினா, கொத்தமல்லி, வெங்காயத்தாள். டிப்பு செய்யறேன். ரொட்டித்துண்டு, வெள்ளரிக்கா, கேரட்டு எல்லாம் நீளநீளமா வெட்டி வச்சு, ஒரு முக்கு முக்கித் தின்னுறதுக்கு. சாஸ் மாதிரியா? தம்பி, இந்த வீட்ல நின்னுக்கிட்டு அதை சாஸுன்னு சொன்ன கடைசி ஆளு என் மச்சினன். அவனுக்கு அன்னிக்கு ரொட்டி மட்டும்தான் கெடச்சுது.

எனக்குச் சமைக்கத் தெரியாதுங்க. வெந்நி வச்சாலே அடிப்பிடிக்கும்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. ஆனா இது ஒண்ணு மட்டும் என்னுது. இந்த பில்டிங்ல யார் வீட்ல விசேஷம்னாலும், பிறந்தநாளோ, பாஸானதோ, கிண்ணத்தோட நான் போயிடுவேன். பொடிசுங்க எல்லாம் என்னை டிப்பு மாமான்னுதான் கூப்பிடும். வாசல் ரூம்ல தையல் மிஷினைப் பாத்திருப்பீங்களே, டெய்லர் மாமான்னு ஒண்ணாவது கூப்பிடணுமே? கூப்பிடாது.

தோ, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க. சும்மா, உங்க அபிப்பிராயத்துக்கு. புதினா வாசனை தூக்கலா இருக்கா, மந்தமா இருக்கா? தூக்கலா? அப்ப பாதிக் கட்டு போதும். புதினா கூடிடுச்சுன்னா வையுங்க, சாப்பிடறவங்களுக்குப் பல்லு தேய்ச்ச மாதிரி ஆயிடும். மிக்ஸில போட மாட்டேன், கசந்துடும், நிறமும் செத்துடும். கத்திதான். அலசி, துணியில பரப்பி, ஒரு பொட்டு ஈரமில்லாம காய வச்சுட்டு நறுக்கணும். ஈரம் இருந்தா டிப்பு தண்ணி விட்டுக்கும்.

என்ன, ஏதோ தீயற வாடையா? மோட்டாரா? ஐயையோ, பூண்டு! அடுப்புல பூண்டை வச்சுட்டு உங்ககிட்ட பேசிட்டு இருக்கேன் பாருங்க. நல்லவேளை சொன்னீங்க. கருகலையே? ஓரம் மட்டும்தானா? பரவால்ல, ஓரத்தைக் கிள்ளிட்டா ஆச்சு. போன மாசம் இப்படித்தான், இஸ்திரிப்பெட்டிய ஒருத்தர் கோட்டு மேல வச்சுட்டு நின்னுட்டே இருந்திருக்கேன். பக்கத்து வீட்டம்மா வந்து கதவை இடிச்சாங்க. கவனம் வேற எங்கயோ.

தயிரைப் பாருங்க, எப்படி நிக்குது! நேத்து சாயங்காலமே கட்டித் தொங்கவிட்டது. துணியும் என் கடை வெட்டுத் துணிதான், மெல்லிசான மல்லுத் துணி, நாலு பக்கமும் ஓரம் அடிச்சு வச்சிருக்கேன். டிப்புக்கு ஓரம் அடிச்ச துணி எதுக்குன்னு அவ சிரிப்பா. நூல் பிரிஞ்சு வாயில மாட்டினா யாரு பதில் சொல்றது? இந்தாங்க, ஸ்பூன். சும்மா ஒரு வாய். புளிச்சிருக்கா? லேசாவா, நல்லாவா? நல்லாவா... அப்ப கிரீம் இன்னும் ரெண்டு கரண்டி விடணும். எலுமிச்சை பாதி போதும். தோலை மட்டும் துருவிக்கலாம், வாசனைக்கு.

நான் ருசி பாக்கலையான்னா? பாத்தேனே! பாக்காம இருப்பேனா? காலைலேர்ந்து இதுலயே முழுகிக் கெடக்கறவன் நாக்கு மரத்துப் போயிடும் தம்பி. புது நாக்கு வேணும்.

இன்னிக்கு யாருக்கு விசேஷமா? வீட்டுக்காரிக்குத்தான். ஆஸ்பத்திரில ஹெட் நர்ஸு. முப்பத்தி நாலு வருஷ சர்வீஸு, இன்னியோட முடியுது. ஆறு மணிக்கு வார்டுல கூட வேலை பாக்கற நர்ஸுங்க எல்லாம் அவளையும் கூட்டிக்கிட்டு இங்க வர்றாங்க, நாப்பது பேர் தேறும். மொட்டை மாடில நாற்காலி போட்டாச்சு. மத்த சாப்பாடெல்லாம் மச்சினன் பொறுப்பு. டிப்பு என் பொறுப்பு.

அவளைப் பத்திச் சொல்லணும்னா... ஊருக்கெல்லாம் நான் கிண்ணத்தோட போவேன்ல, அவ ஒரு விசேஷத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்ல. ட்யூட்டி. எல்லாம் முடிஞ்சு, பாத்திரம் கழுவினதுக்கு அப்புறம் யூனிஃபார்மோட வருவா. அவளுக்குன்னு ஒரு சின்னக் கிண்ணம் எடுத்து வச்சிருப்பேன். இந்த ஃப்ரிட்ஜுக்கு முன்னாடி, இதோ நீங்க உக்காந்திருக்கீங்களே, அங்கதான். கதவைத் தெறந்து வச்சுக்கிட்டு, செருப்பைக்கூடக் கழட்டாம, ரொட்டி ஓரத்தால வழிச்சு வழிச்சுத் தின்னுவா. தின்னுட்டு ஒரே ஒரு வார்த்தை. உப்பு கம்மி. புளிப்பு சரி. பூண்டு ஜாஸ்தி. அவ்ளோதான், போய்ப் படுத்துடுவா. அடுத்த தடவை நான் சரி பண்ணிடுவேன். அப்படியே இருபத்தி மூணு வருஷம். இன்னிக்குத்தான் முதல் தடவையா எல்லாரோடயும் உக்காந்து, சுடச்சுட, இல்ல, ஜில்லுன்னு, சாப்பிடப் போறா.

அளவா? கேட்டீங்க பாருங்க. நாள் முழுக்க இஞ்ச் டேப்பைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஊரையே அளக்கறவன் நான். இதுக்கு மட்டும் அளவே வச்சதில்ல. நாக்குதான் அளவு. எழுதி வச்சிருந்தா இன்னிக்கு உதவியிருக்கும். இல்ல, ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்.

இப்ப எல்லாத்தையும் கலந்துட்டேன். ஒரு வாய் பாருங்க. ரொட்டியோட பாருங்க, வெறும் ஸ்பூன்ல பாத்தா தெரியாது. என்ன? உப்பு போடவே இல்லையா? போடல, போடல, கடைசிலதான் போடணும், உங்களைச் சோதிச்சேன். இப்ப? இன்னும் கொஞ்சமா? இந்தச் சிட்டிகை போதுமா? குளிர்ந்தா உப்பு அமுங்கிடும் தம்பி, அதனால நாக்குக்கு ஒரு நூல் தூக்கலா இருக்கணும். ஒரு நூல். ரெண்டு நூல் போயிடக்கூடாது.

ஏன்னா போன தடவை போயிடுச்சு. மச்சினன் பொண்ணு பாஸ் பண்ணினதுக்கு எடுத்துட்டுப் போனேன். உப்பை ரெண்டு தடவை போட்டிருக்கேன் போல. ஒவ்வொருத்தரா ஒரு முக்கு முக்கினாங்க, ஒவ்வொருத்தரா தண்ணிக் குடத்துப் பக்கம் நகர்ந்தாங்க. ஊர்வலம் மாதிரி. மச்சினன், அவனுக்கு வாய் சும்மா இருக்காதே, மாமா, கடல்ல இன்னும் உப்பு மிச்சம் இருக்கான்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்பத்தான் ட்யூட்டி முடிச்சு யூனிஃபார்மோட உள்ள நுழைஞ்சவ, ஒரு முக்கு முக்கிட்டு, அவ மட்டும் சிரிக்கல. என்னையே பாத்தா. பேஷண்டைப் பாக்கற பார்வை. பேச்சு சுவாரஸ்யத்துல ரெண்டு தடவை போட்டுட்டேன்மான்னு சொன்னேன். சரின்னா. முந்தாநாள் வந்து மெதுவா கேக்கறா, ஏங்க, இந்தத் தடவை டிப்பைக் கடையிலயே வாங்கிடலாமா, உங்களுக்கு எதுக்கு சிரமம்னு. எனக்குச் சிரமமாம்! இன்னிக்கு மறுபடியும் தப்பாச்சுன்னா அவ விட மாட்டா தம்பி. விருந்தை அப்படியே போட்டுட்டு என் வாயைத் தெறன்னுவா, டார்ச் அடிச்சுப் பாப்பா. நாப்பது நர்ஸு வேற கூட நிக்கறாங்க.

இப்ப பாருங்க. சரியா? நெஜமா? என் மூஞ்சிக்காகச் சொல்லாதீங்க. பூண்டு தெரியுதா? முதல்ல என்ன வருது, புதினாவா, எலுமிச்சையா? எலுமிச்சை வந்துட்டு, அப்புறம் பூண்டு, கடைசில புதினா. ஆங், அதேதான்! அதேதான் தம்பி. அந்த வரிசைதான். இப்பத்தான் உசுரு வந்துச்சு. இன்னொரு ரொட்டி எடுத்துக்கோங்க. வெள்ளரிக்காயோடயும் பாத்துடுங்க, எதுக்கும்.

ஃப்ரிட்ஜா? ஏன், என்ன கோளாறு? ஒண்ணுமே இல்லையா.

ப்ளக்கு.

முதல்லயே பாத்துட்டீங்களா? வந்து குனிஞ்ச உடனேயா? அப்புறம் ஏன் பின்பக்கத்தை எல்லாம் கழட்டி, விசிறிய ஊதி, அரை மணி நேரமா... ஓ. நான் ஸ்பூனை நீட்டினதைப் பாத்துட்டு. மத்தியானம் சாப்பிடலையா? சொல்லக்கூடாதா, ரொட்டி முழுசா இருக்கே!

நான்தான் பிடுங்கினேன். அவ ஆஸ்பத்திரிக்குக் கெளம்பின உடனே. வேற யாரைக் கூப்பிடறது சொல்லுங்க. மச்சினன்கிட்ட கேட்டா அக்காகிட்ட போயிடும். பக்கத்து வீட்டம்மாகிட்ட கேட்டா பில்டிங்குக்கே போயிடும். குழாய்க்காரரைக் கூப்பிடலாமான்னு பாத்தேன், அவர் கையை நெனச்சேன், வேண்டாம்னு விட்டுட்டேன். நீங்கன்னா கையைக் கழுவிட்டு வருவீங்க.

ரெண்டு மாசம் ஆச்சு தம்பி. ஒரு காய்ச்சல் வந்துது, நாலு நாள்ல போயிடுச்சு, போகும்போது இதையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. உப்பும் ஒண்ணுதான், சக்கரையும் ஒண்ணுதான். வாசனையும் இல்ல. நாளைக்குக் காலைல நானே சொல்லிடுவேன், சத்தியமா. நாளைலேர்ந்து அவளுக்கு வார்டு கெடையாது, ஒரே ஒரு பேஷண்ட்தான், ஆற அமரப் பாக்கட்டும். இன்னிக்கு வேண்டாம். இன்னிக்காவது ஒரு நாள் அவ யாரையும் பாத்துக்காம சாப்பிடட்டும்.

எனக்கு ஒண்ணுமே தெரியலையான்னா... வழவழன்னு இருக்கறது தெரியும். ஜில்லுன்னு இருந்தா ஜில்லுன்னு தெரியும். அவ்ளோதான். அதுக்குத்தான் சொல்றேன், அந்தப் ப்ளக்கை மாட்டிடுங்க. மூணு மணி நேரம் இருக்கு, நல்லாக் குளிர்ந்துடும். எனக்கு ஒரு வாய் ஊட்டாம அவ சாப்பிட மாட்டா, எனக்குத் தெரியும், அதுவும் நாப்பது பேர் முன்னாடி. அப்ப நான் மூஞ்சில ஏதாவது காட்டணும்ல?