ஊரில் ஒருவர் இருக்க வேண்டும்

கொம்பனி ஒன்று தொடங்குவது மற்றவர்கள் நினைப்பது போலப் பெரிய வேலை அல்ல, பொன்னம்பலம். வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிற கரைச்சல்கூட அதில் இல்லை. நீர் முதலில் அந்தக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இரும். பாரிசிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, மகளைக் கூப்பிடுகிற விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் ஒரு மாதிரி இருக்கிறது.

சுபோதினிக்குத் தை பிறந்தால் பதினெட்டு வயது. அதற்குள் நான் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் அவள் என் பிள்ளை என்ற முறையில் லண்டனுக்கு வரலாம். பிந்தினால் வர ஏலாது. இப்போது மார்கழி பிறந்துவிட்டது. பேனையையும் நீரே கொண்டு வந்திருக்கிறீர். ஆனால் கையெழுத்தைக் கேட்க முன்னம் வேறொன்று கேட்டீர். "அத்தான், அக்காவை ஏன் இவ்வளவு வருஷமாக் கூப்பிடேல்லை?" நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான மறுமொழியும் இருக்கிறது. உமக்குத் தெரிந்த சங்கதிகளும் இடையில் வரும், பொறுத்துக்கொள்ளும். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

இணுவிலில் உம்முடைய தகப்பன் ஏரம்பர் நடத்திய மா அரைக்கிற மில் அக்காவுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. வீடும் அதே வளவுக்குள். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த நான் ஒரு சூட்கேசோடு அந்த வீட்டுக்கு வந்தேன். எட்டு வருஷம் அங்கே இருந்தேன். அந்த எட்டு வருஷத்தில் ஊரில் ஒருவராவது என்னைச் சீவரத்தினம் என்று சொன்னதாக நினைவில்லை. 'ஏரம்பற்றை மருமோன்' என்பார்கள். மிளகாய் கொண்டு வருகிற பெண்டுகள் எனக்கு முன்னால் நின்றுகொண்டே, "குணமக்கா இல்லையோ? சரி, பிறகு வாறம்" என்று திரும்பிப் போவார்கள். உமது அக்கா குணலட்சுமி அதைக் கேட்டால் சிரிப்பாள். கெட்ட சிரிப்பு அல்ல, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் சோற்றில் கல் கடிபட்டது போல ஒவ்வொரு நாளும் கடிபட்டது.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஏன் வெளிநாடு போகிறாய் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை. அடுத்த வருஷம் நானும் வெளிக்கிட்டேன். பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவேன் என்று சொன்னேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன். இங்கே வந்து ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை கிடைத்தது. கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து காசு வாங்கவேண்டும். குடித்துவிட்டு வருகிற பெடியன்கள் கண்ணாடியில் துப்பிவிட்டுப் போவார்கள். நான் துடைப்பேன். ஊரில் மருமகன், இங்கே அதுவும் இல்லை.

அப்போதுதான் கொம்பனி எண்ணம் வந்தது. யாழ்ப்பாணத்தில் செபநாயகம் என்ற பிறக்கிராசியைத் தொலைபேசியில் பிடித்தேன். கெட்டிக்கார மனிசன், வழக்கு வேலை முழுக்கக் கரைத்துக் குடித்தவர். மில்லை லிமிற்றெட் கொம்பனியாக மாற்ற வேண்டும், நான் ஒருவனே பணிப்பாளராக இருக்க வேண்டும், நானோ லண்டனில் இருக்கிறேன், ஏலுமா என்று கேட்டேன்.

"பணிப்பாளர் ஒராள் காணும், தம்பி. அவர் லண்டனிலை இருந்தாலும் சந்திரனிலை இருந்தாலும் சட்டம் மறிக்காது" என்றார். "ஆனால் அவரே செயலாளராயும் இருக்கேலாது. கந்தோர் எண்டு ஊரிலை ஒரு விலாசம் வேணும். அங்கை ஒராள் இருக்கவும் வேணும்."

"அதுக்கு ஆள் இருக்கு" என்றேன்.

எங்கள் தேசவழமைச் சட்டப்படி சீதனக் காணியென்றாலும் பெண் அதை விற்கப் புருஷனின் சம்மதம் வேண்டும். எப்படியும் என் கையெழுத்துக்கு நிற்க வேண்டியவள்தானே என்பதால், மில்லையும் வளவையும் கொம்பனியின் பேருக்கு மாற்றச் சொன்னபோது அவள் பெரிதாக யோசிக்கவில்லை. பேருக்கு ஒரு பங்கு அவளுக்கு, மிச்சமெல்லாம் எனக்கு. செயலாளரும் அவளே. பிறக்கிராசியின் கந்தோரிலிருந்து என்னோடு கதைத்தாள். "எல்லாம் சரியப்பா, ஐயான்ரை பேரை மட்டும் மில் வாசல் போட்டிலை விடுவமே" என்றாள். பேர் மாறினால் மா கசக்காது என்று சொன்னேன். சீவரத்தினம் அன் கொம்பனி லிமிற்றெட் என்று எழுதிய போட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். அன்றைக்கு நான் சந்தோசத்தில் அழுதேன். அதை ஏன் மறைக்கவேண்டும்?

அதற்குப் பிறகு இங்கே என் நடையே மாறிவிட்டது. பேர் அட்டை அடித்தேன். கோயிலில் ஒருவருக்குக் கொடுத்தேன், அவர் நாலு பேருக்குச் சொன்னார். கலியாண வீடுகளில் முன்வரிசையில் கதிரை தந்தார்கள். 'டிரெக்டர் வாறார்' என்பார்கள். பெற்றோல் நிலையம் தூரத்தில் இருந்தபடியால் ஒருவருக்கும் அது தெரியாது. கொம்பனிக் காசில் ஒரு சதம் நான் தொட்டதில்லை, அதையும் நீர் அறிந்திருக்கவேண்டும். காசுக்காகச் செய்தேன் என்று நாளைக்கு யாராவது சொன்னால் அது பழி.

எண்பத்தெட்டு மாசியில் எனக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி தந்தார்கள். பெண்சாதி பிள்ளையையும் கூப்பிடலாம் என்றார்கள். ஓம், எண்பத்தெட்டில். நீர் குடித்துக்கொண்டிருக்கிற தேத்தண்ணி ஆறுகிறது.

யோசித்துப் பாரும். அவள் வந்தால் ஊரில் செயலாளர் இல்லை, கந்தோரில் ஆள் இல்லை, எஞ்சின் நின்றுவிடும். எஞ்சின் நின்றால் கொம்பனி இல்லை. கொம்பனி இல்லாவிட்டால் நான் யார்? இங்கே வந்து அந்தக் கண்ணாடிக் கூட்டை அவள் பார்ப்பாள். பார்த்துவிட்டு அந்தப் பழைய சிரிப்பைச் சிரிப்பாள். 'அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை, பொறு' என்று எழுதினேன். முதல் தடவை எழுதத்தான் கை கூசியது. பிறகு அது 'நலம், நலமறிய ஆவல்' போல ஆகிவிட்டது.

அவள் நல்ல செயலாளர், பொன்னம்பலம். உமது அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. தொண்ணூறில் டீசல் வராமல் போனபோது, எஞ்சின் ஓட்டுகிற மார்க்கண்டு அண்ணையோடு நின்று மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினாள். அவருக்கு இடுப்பில் நாரி பிடித்த நாட்களில் தானே கைபிடியைச் சுற்றி எஞ்சினை எழுப்பினாள். மில்லுக்குள் நின்றால் குண்டு போடுகிற பிளேன் வருவது கேட்காது. அதனால் அரைக்கிற நேரமெல்லாம் சுபோதினியை வெளியில் நிற்பாட்டி வானத்தைப் பார்க்கச் சொன்னாளாம். பிள்ளை கையைக் காட்டினால் இவர்கள் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுப் பங்கருக்குள் ஓடுவார்கள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. நல்ல ஒழுங்கு என்று பாராட்டி எழுதினேன்.

தொண்ணூற்றொன்றில் நீர் எனக்குச் சொல்லாமல் ஒரு வேலை பார்த்தீர். அவளையும் பிள்ளையையும் கொழும்பு வழியாகப் பாரிசுக்கு எடுக்க ஒழுங்கு செய்தீர். அதில் எனக்குக் கோபம் இல்லை, தம்பிமார் அப்படித்தான். ஆனால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட அப்போது அங்கே ஆண்ட இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் எடுக்க ஊரில் ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்லவேண்டும். அவளுக்கு மார்க்கண்டு அண்ணை பிணை நிற்க ஓம் என்றிருந்தார். வைத்தியம் பார்க்கப் போகிறோம், திரும்பி வருவோம் என்று அவரிடமும் சொல்லியிருந்தாள். போகிற சந்தோசத்தை அவளால் அடக்க முடியவில்லை, பாவம், எனக்கே எழுதிவிட்டாள்.

நான் மார்க்கண்டு அண்ணைக்கு நாலு வரி எழுதினேன். குணம் திரும்பி வரமாட்டாள், பிணை நின்றால் நீங்கள்தான் உள்ளே இருக்கவேண்டி வரும், மூன்று குமர்ப் பிள்ளைகளை வைத்திருக்கிறீர்கள், யோசியுங்கள் என்று. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மனிசன் பின்வாங்கிவிட்டார். எஞ்சின்காரரே நிற்காத இடத்தில் வேறு யார் நிற்பார்கள்? 'அண்ணை ஏனோ மாட்டன் எண்டிட்டார். அவரைக் குறை சொல்லேலாது, அவரும் பிள்ளைகுட்டிக்காரன்' என்று எனக்கு எழுதினாள். என்னை அவள் கடைசிவரை சந்தேகிக்கவில்லை. அது ஒரு ஆறுதல்.

மில்லை விற்றுவிட்டு வேறு வழி பார்க்கலாம் என்றும் ஒருமுறை கேட்டாள். விற்க அது அவளுடையது அல்ல, கொம்பனியுடையது என்று விளங்கப்படுத்தினேன். விளங்கிக்கொண்டாள்.

இனி இந்த ஐப்பசி. ஆமி நீர்வேலிப் பக்கம் வந்துவிட்டது, எல்லாரும் இன்றைக்கே எங்கள் வலிகாமப் பக்கத்தை விட்டு வெளிக்கிடுங்கள் என்று ஒலிபெருக்கி கட்டிச் சொன்னபோது, அவள் பிள்ளையை மார்க்கண்டு அண்ணை குடும்பத்தோடு தென்மராட்சிக்கு அனுப்பிவிட்டாள். தான் நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்று ஊரெல்லாம் கேட்டதாம். நான் ஆனியிலேயே எழுதியிருந்தேன்: என்ன நடந்தாலும் எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு ஓடக்கூடாது, கழற்றக்கூடியதைக் கழற்றி வளவுக்குள் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுத்தான் வெளிக்கிடவேண்டும். கொம்பனியின் தாளில், பணிப்பாளர் என்று கையெழுத்து வைத்து எழுதினேன். புருஷனாக எழுதிய கடிதத்தில் உடம்பைப் பார்த்துக்கொள் என்றுதான் எழுதினேன். இரண்டும் வேறு வேறு.

ஒருத்தியாக நின்று கழற்றியிருக்கிறாள். ஷெல் மில்லின் கூரையில்தான் விழுந்தது. அம்மாவைக் காணவில்லை என்று பிள்ளை அழுது பிடித்து, அடுத்த நாள் மார்க்கண்டு அண்ணை சனத்துக்கு எதிராகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார். அவரே வளவுக்குள் கொள்ளி வைத்தார். வவுனியாவுக்கு வந்த ஒருவர் தொலைபேசியில் எனக்கு இதைச் சொன்னார். கூரை போனாலும் எஞ்சினுக்குப் பெரிதாகச் சேதமில்லை என்றும் சொன்னார். எஞ்சினைப் பற்றி நான்தான் கேட்டேன்.

நீர் வாசலில் வந்ததும் என் முகத்தைப் பார்த்தீர், செத்த வீட்டுக் குறி ஒன்றும் இல்லையே என்று. இங்கே நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. துடக்குக் காக்கவும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்யவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போனேன், திருநீறு வாங்கினேன். சொன்னால் முதல் கேள்வியாக, "அப்ப கொம்பனியை ஆர் பாக்கினம், டிரெக்டர்?" என்று கேட்பார்கள். அவளுடைய சாவை எங்கேயும் பதிவிக்கவும் இல்லை. செயலாளர் இல்லாமல் கொம்பனி இருக்கக்கூடாது. எழுத்தில் இன்றைக்கும் குணலட்சுமிதான் செயலாளர்.

அவளை நான் கொன்றேனா என்று உமது வாயில் வருகிறது, நீர்தான் விழுங்குகிறீர். கேளும், கூச்சப்படாதேயும். அந்தக் கேள்வியை நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். அனுமதியை ஒளித்தேன், பிணையைக் கெடுத்தேன், நிற்கச் சொல்லி எழுதினேன். மூன்றையும் வெவ்வேறாகப் பார்த்தால் ஒன்றிலும் கொலை இல்லை. சேர்த்துப் பார்த்தால் இருக்கிறது. ஓம், சேர்த்துப் பார்த்தால் நான்தான்.

ஆனபடியால் இந்தத் தாளில் கையெழுத்து வைக்கச் சொல்லி என்னை நெருக்க வேண்டாம். சுபோதினி தென்மராட்சியில், கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் மார்க்கண்டு அண்ணையின் பிள்ளைகளோடு பத்திரமாக இருக்கிறாள். பாதை திறந்தால் சனம் வலிகாமத்துக்குத் திரும்பும். திரும்புகிற சனத்துக்கு முதலில் மா வேண்டும். எஞ்சினைப் பழகிய பிள்ளை அவள். இங்கே வந்து என்ன செய்யப்போகிறாள்? என்னோடு கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கவா?

செயலாளராகப் பேர் பதிவதற்குப் பதினெட்டு ஆகவேண்டும் என்று கேட்டு அறிந்துவிட்டேன். அதுதான் தை வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளை ஆறு வயதில் விட்டுவிட்டு வந்தவன் நான், பொன்னம்பலம். ஒரு சட்டை வாங்கிக் கொடுத்ததில்லை, ஒரு காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்ததில்லை. தகப்பன் என்று அவளுக்கு நான் செய்யப்போகிற முதல் காரியம் இது, இதையாவது என்னைச் செய்யவிடும்.