சிவப்பு நூல் ஓடும் சட்டை

இந்த முதுகெலும்புப் பயிற்சிக் கூடத்தின் மூன்றாம் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, இந்த அரங்கிலேயே நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஒரே மனிதரான எலும்பு மருத்துவர் அவர்களே! அன்பால் அதட்டி, அதட்டலால் எங்களை ஆளாக்கிய பயிற்சியாளர் அம்மா அவர்களே! முன்வரிசையை முழுமையாகக் கைப்பற்றியிருக்கும் மூத்தோரே! பிள்ளைகளின் முதுகைப் பார்த்துப் பார்த்தே தம் முதுகை மறந்துபோன தாய்மார்களே! இடமில்லாமல் கதவோரம் நின்றாலும் கைதட்டலில் குறை வைக்காத தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் நிமிர்ந்த... இல்லை, சற்றே வளைந்த வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாற்பது ஆண்டுகள் மேசைமேல் கவிழ்ந்து செய்தி எழுதியவன் நான். ஊரார் வளைவை எல்லாம் எழுதியவனுக்குத் தன் கழுத்து வளைந்தது தெரியவில்லை. அந்த வலியோடுதான் இந்த மாடியின் இருபத்திரண்டு படிகளையும் எண்ணி ஏறினேன். மூலைப் பாயில் படுத்திருந்தபோது, துணித்திரைக்கு அந்தப் பக்கம் ஒன்று நடந்தது. உரியவர்களின் சம்மதத்தோடு அதைச் சொல்கிறேன். கூட்டியும் சொல்ல மாட்டேன். குறைத்தும் சொல்ல மாட்டேன்.

ஒரு தையற்காரர். அவருக்கு ஒரு மகள், வயது பதினான்கு. அவளுடைய முதுகெலும்பு வலப்பக்கமாக வளைந்திருந்தது. யார் செய்த பாவம் அது? யார் செய்த பாவமும் அல்ல! பை சுமந்ததால் வந்ததா? கோணலாக உட்கார்ந்ததால் வந்ததா? இரண்டும் இல்லை! வளரும் வயதில் வந்தது, அவ்வளவுதான். எக்ஸ்ரே இருபத்து நான்கு டிகிரி என்றது. தலைவர் அவர்களே, நீங்கள் அன்று சொன்னது இதுதான்: "ஆறு மாசம் பயிற்சி செய்யட்டும். மறுபடி படம் எடுத்துப் பாப்போம். முப்பதத் தொட்டா பிரேஸ் போட்டாகணும்."

பிரேஸ் என்பது உடலைச் சுற்றி இறுக்கும் கவசம். அதை அணிவது இழுக்கா? இல்லவே இல்லை! இந்த அரங்கில் இருவர் அதை அணிந்து அமர்ந்திருக்கிறார்கள்; என்னைவிட அழகாக அமர்ந்திருக்கிறார்கள். (ஆமாம், கையை உயர்த்துங்கள் அம்மா, தப்பில்லை!) ஆனால் அந்தப் பெண்ணுக்கு அச்சம். வகுப்பில் கடைசி வரிசையைக் கேட்டு வாங்கியவள் அவள். ஏன்? தன் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணும் இருக்கக் கூடாது என்று.

பயிற்சி தொடங்கியது. பக்கவாட்டில் படுத்து, மடித்த துண்டை விலாவுக்கு அடியில் வைத்தாள். உள்வாங்கிய இடப்பக்கம் விரியும்படி மூச்சை இழுத்தாள். சுவர்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு, உச்சந்தலை கூரையைத் தொடப்போவதுபோல் நீண்டாள். பிறகு வீட்டில் கண்ணாடி முன் நின்று, தோளைச் சமன்செய்து, அந்த நிலையிலேயே பத்து மூச்சு. நாள் தவறவில்லை, நேரம் தவறவில்லை. மாதம் ஒருமுறை இங்கே வந்து, கூடத்துச் சட்டையில் செய்து காட்டினாள். மூன்றாம் மாதம் பயிற்சியாளர் முதுகில் டிகிரி காட்டும் அளவுகோலை வைத்துப் பார்த்தார். "என்னம்மா இது, ரெண்டு கூடியிருக்கு?"

உழைத்தவளுக்கு உயர்வா? உயர்ந்தது வளைவுதான்!

"வீட்ல எப்படிச் செய்றியோ, அப்படியே செஞ்சு காட்டு. வீட்டுச் சட்டையையே போட்டுக்கோ."

போட்டுக்கொண்டாள். கண்ணாடி முன் நின்றாள். "நேராத்தானே இருக்கேன், அக்கா?"

நேராகத்தான் இருந்தாள். தோள் இரண்டும் ஒரே உயரம். பயிற்சியாளர் பின்னால் போய்ச் சட்டையின் தோளை அமுக்கினார். விரல் உள்ளே போனது. இடது தோளில் இரண்டு அடுக்குப் பஞ்சு! வலது முதுகில் அரை அங்குலம் தளர்வு! அடித் தையலில் ஒரு பக்கம் மட்டும் இறக்கம்!

"யாரும்மா இதத் தைச்சது?"

வெளியே பெஞ்சில் இருந்த தந்தைக்கு அந்தக் கேள்வி பரிசளிப்புபோலக் கேட்டது. எழுந்து வந்தார். "நான்தாம்மா. ஏன், எதாச்சும் குறை தெரியுதா?"

"தெரியலண்ணே. அதான் பிரச்சினையே. உங்க பொண்ணு மூணு மாசமா முதுகைச் சரிபண்ணல. உங்க சட்டை சரியா இருக்கான்னு பாத்துட்டு இருந்திருக்கா."

அன்பர்களே, வேறெந்தத் தந்தையால் இந்தத் தவறைச் செய்திருக்க முடியும்? கை தேர்ந்தவருக்கே கைவந்த தவறு இது! கண்ணாடியையே ஏமாற்றும் கைத்திறன்!

அவர் குரல் இறங்கியது. "நாலு பேர் பாத்துடக் கூடாதேன்னு..."

மகள் சொன்னாள்: "நாலு பேர விடுங்கப்பா. எனக்கே தெரியாமப் போச்சே."

திரைக்கு இந்தப் பக்கம் நான் மூச்சுப் பயிற்சியை மறந்தேன். பிறகு ஒரு சத்தம்: டிக், டிக், டிக். எட்டிப் பார்த்தேன். சட்டைப்பையில் இருந்த சிறு கத்தரியால், தான் போட்ட தையலைத் தானே பிரித்துக்கொண்டிருந்தார் அவர். பஞ்சைப் பந்தாக உருட்டி என் பாய்ப் பக்கம் போட்டார். பயிற்சியாளர், "அத அந்த ரிப்போர்ட்டர் சார் கழுத்துக்கு அடியில வைங்க, உதவும்" என்றார். உதவியது!

மறுநாள் ஒரு புதுச் சட்டை வந்தது. இரு பக்கமும் ஒரே வெட்டு. நூல் பிசகாத வெட்டு. முதுகின் நடுவே, கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு சிவப்பு நூலோட்டம். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. முதுகு சாய்ந்தால் சிவப்பு நூல் சாயும். முதுகு நீண்டால் நூலும் நீளும். பொய் சொன்ன சட்டை போனது. மெய் சொல்லும் சட்டை வந்தது! மிச்சம் இருந்தது மூன்றே மாதம். அந்த மூன்று மாதமும் அவள் நூலைப் பார்த்து மூச்சு விட்டாள்.

ஆறாம் மாதம் எக்ஸ்ரே வந்தது. எவ்வளவு? (சொல்கிறேன், பொறுங்கள் ஐயா!) இருபத்து மூன்று.

வளைவு மறைந்துவிட்டதா? இல்லை. இருப்பதை மட்டும் எழுதிப் பழகியவன் நான். ஆகவே சொல்கிறேன், மறையவில்லை. ஆனால் நின்றுவிட்டது! தையற்காரர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "ஒரு டிகிரின்னா எவ்ளோ சார்? எங்க கணக்குல ஒரு நூல் இருக்குமா?" அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அவர் தொழிலில் ஒரு நூல். இருக்கும் என்றேன். "ஒரு நூல்ல சட்டையே மாறிடும் சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியோர்களே! புறமுதுகு காட்டுவது கோழைத்தனம் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். போர்க்களத்தில் அது உண்மையாக இருக்கலாம். இந்தக் களத்தில்? கடைசி வரிசையில் ஒளிந்திருந்த அந்தப் பெண் இப்போது மேடையேறப் போகிறாள். சிவப்பு நூல் சட்டையோடு, இத்தனை கண்களுக்கும் தன் முதுகைக் காட்டி நின்று, பத்து மூச்சு விடப் போகிறாள். நூல் சற்றுச் சாய்ந்திருக்கும், பாருங்கள். அவள் மூச்சிழுக்க இழுக்க அது நிமிரும், அதையும் பாருங்கள். மறைக்காத முதுகே மாறும் முதுகு! முதுகு காட்டுவதே இங்கே வீரம்!

வா, மகளே. கண்ணாடி பிடிக்க அப்பாவும் வருகிறார்.

அவள் வரும்வரை நீங்களும் ஒருமுறை நிமிர்ந்து உட்காருங்கள். ஆகா, அரங்கமே இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது! பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும், இப்போது நிமிர்ந்த முதுகுகளுக்கும் என் நன்றி. வந்தபோது சொன்னது வளைந்த வணக்கம். இது நிமிர்ந்த வணக்கம்!